தனபாக்கியம் காட்டிய அத்தாட்சி

பெயர்ப்பலகைகூட இன்னும் வராத புதுத் தெரு அது. எட்டு மாடிக் குடியிருப்பு எழும்புவதற்கு முன்பிருந்தே அங்கே தனபாக்கியத்தின் இஸ்திரி வண்டி நின்றது. குடியிருப்புச் சங்கத் தலைவர் வைத்தியலிங்கத்துக்கு அது கண்ணை உறுத்தியது. நாலு பேரோடு வந்து நின்றார்.

"இந்த இடத்துல உன் வண்டி இருக்குன்னு அச்சடிச்ச அத்தாட்சி இருக்கா? இல்லேன்னா இப்பவே கிளம்பு!"

"இருக்கு சார். நீங்க தேய்க்கப் போட்ட சட்டைப் பையிலயே இருந்துச்சு."

அவள் நீட்டியது, அவர் மகளின் வளைகாப்புப் பத்திரிகை. கூட வந்தவர் வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "வீட்டுக்கு வழி: இஸ்திரி வண்டிக்கு நேர் எதிரே. தங்கள் வரவை நாடும், வைத்தியலிங்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் போன் அடித்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் வழி கேட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இஸ்திரி வண்டிகிட்ட வாப்பா. அது எங்கேயும் போகாது."