கெண்டைகள் பாடிய கட்டியம்

முன்னொரு காலத்தில் ஆம்பல் நாட்டை உத்தண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாடு தன்பாட்டுக்கு நடந்தது. ராஜா கூடவே பல்லக்கில் போனார்.

கஜானாவில் எலி ஓடத் தொடங்கியதும் மந்திரி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, "ஓய், வரி போடாமல் வருமானத்துக்கு ஒரு வழி சொல்லும்" என்றார்.

"அரண்மனைக் குளம் சும்மா கிடக்கிறது, மகாராஜா. ஆயிரம் கெண்டைக் குஞ்சு விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டால், ஒரு வருஷத்தில் கைகொள்ளாத மீனாக வளரும். நல்ல விலைக்குப் போகும்."

"போகாவிட்டால்?"

"என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

"அது போதாது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் கூவ வேண்டும்!"

ஏகாம்பரம் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

அங்கே தாண்டவராயர் என்றொருவர் இருந்தார். ராஜா எங்கே போனாலும் முன்னால் போய்ப் பட்டப்பெயர்களைக் கூவும் கட்டியக்காரர். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாள் கண்.

"ஆயிரம்தானா, மகாராஜா? தங்கள் பெருமைக்கு அடுக்குமா? பத்தாயிரம் விட்டால் லாபமும் பத்து மடங்கு! மந்திரியாருக்குக் கணக்கு வராது போலிருக்கிறது."

"கணக்கு வரும், தாண்டவராயரே. குளம் பத்து மடங்காகாதே?"

"பார்த்தீர்களா, எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை!"

ராஜாவுக்குப் பெரிய எண்கள் பிடிக்கும். பத்தாயிரம் குஞ்சுகள் குளத்தில் இறங்கின.

மாதங்கள் போயின. பிண்ணாக்கு மூட்டை மூட்டையாகத் தீர்ந்தது. மீனோ விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. விலை பேச வந்த மீன்காரி பொம்மி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினாள். "இதை விற்கவா வரச் சொன்னீங்க சாமி? என் வீட்டுப் பூனையே இதைப் பார்த்தா கோவிச்சுக்கிட்டுப் போயிடும்."

அதைவிட மோசம், விடியற்காலையில் கெண்டைகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஏகாம்பரம் ஒரு குடம் மீனை அள்ளிப் பக்கத்துத் தாமரைக் குளத்தில் விட்டுப் பார்த்தார். அவை சுகமாக அடியில் போய் மேயத் தொடங்கின. நெரிசலில் மூச்சு முட்டுகிறது என்று புரிந்துவிட்டது. பாதிக்கு மேல் பிடித்து வெளியேற்றாவிட்டால் ஒருநாள் அத்தனையும் செத்து மிதக்கும். அப்புறம் கூடைதான், கடைத்தெருதான்.

வலைகாரர்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். அதற்குள் தாண்டவராயர் ராஜாவைக் குளக்கரைக்கு அழைத்து வந்திருந்தார்.

"கவனியுங்கள், மகாராஜா! பத்தாயிரம் வாய்கள்! எல்லாம் தங்களுக்குக் கட்டியம் கூறுகின்றன!"

"சத்தம் கேட்கவில்லையே?"

"மீன் பாஷை, மகாராஜா. அடக்கமாகத்தான் இருக்கும்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு மீனைக்கூடப் பிடிக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டார். மூச்சு விஷயத்தை மந்திரி சொன்னபோது, "உமக்குப் பொறாமை" என்று முடித்துவிட்டார்.

ஏகாம்பரம் ஒரு இரவு யோசித்தார். மறுநாள் பணிவோடு வந்து நின்றார்.

"தாண்டவராயர் சொன்னதே சரி, மகாராஜா. நெருங்கி நின்றால்தான் புகழ் சிறக்கும் போலிருக்கிறது. இன்று சபை முழுவதும் ஊஞ்சல் அறையில் கூடித் தங்களைப் புகழட்டும். புகழ் வெளியே சிந்தாதபடி கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஊஞ்சல் அறை முப்பது பேருக்கே இறுக்கம். சபையில் முந்நூறு பேர். விசிறி வீச நாற்பது, விசிறியைக் காவல் காக்க நாற்பது என்று எல்லாரும் சித்திரை வெயிலில் உள்ளே திணிந்தார்கள். நடுவில் ராஜா, அவர் காதருகே தாண்டவராயர். கதவு சாத்தப்பட்டது.

"ராஜாதி ராஜ..." என்று தொடங்கிய தாண்டவராயருக்கு மூன்றாவது பட்டத்தில் குரல் அடைத்தது. ஐந்தாவதில் விசிறிக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஆறாவது பட்டம் வரவேயில்லை. அந்த அறைக்கு இருந்தது ஒரே ஒரு சன்னல். அதை நோக்கி எல்லாரும் முண்ட, எல்லாரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தவர் ராஜாதான். கம்பிகளுக்கிடையே முகத்தை அழுத்தி வாயைப் பிளந்தார், மூடினார், மறுபடி பிளந்தார்.

வெளியே நின்ற ஏகாம்பரம் கைகூப்பினார். "மகாராஜா இப்போது யாரைப் புகழ்கிறீர்கள்?"

"மடையா! மூச்சு... கதவு!"

கதவு திறந்தது. ராஜா வாசற்படியிலேயே உட்கார்ந்து நெடுநேரம் காற்றை விழுங்கினார். வாளை எடுப்பாரோ என்று எல்லாரும் பார்த்திருக்க, அவர் குளம் இருக்கும் பக்கம் திரும்பினார். "பாவம், ஓய்" என்றார். அப்புறம் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

அன்று மாலையே வலை இறங்கியது. அரித்தெடுத்த குஞ்சுகளைச் சுற்றுப்பட்ட ஊர்களில் குளம் வைத்திருந்தவர்கள் வளர்ப்புக்குப் போட்டிபோட்டு வாங்கிப் போனார்கள். மிஞ்சிய ஆயிரமும் வருஷ முடிவில் பொம்மி இரண்டு கையாலும் தூக்கும்படி கொழுத்தன. அவள் விலை பேசவில்லை, கேட்டதைக் கொடுத்தாள்.

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டுவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை யாருக்கும் பிடிக்கவில்லை.

"இங்கே எத்தனை பேர், ஏகாம்பரம்?"

"முந்நூறு, மகாராஜா."

"தீனி?"

"மூன்று வேளை."

"வளர்ச்சி?"

"வயிறு மட்டும்."

"பாதிக்கு மேல் வலை போட்டு எடும். இன்னும் நாலு குளம் வெட்ட ஆள் வேண்டும் என்றீரே."

தாண்டவராயர் பதறி முன்னால் வந்தார். "மகாராஜா, நான் கட்டியம் கூறுகிறவன்!"

"தாராளமாகக் கூறும்" என்று ஏகாம்பரம் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். "பள்ளத்துக்குள் நின்று கூறினால் நன்றாக எதிரொலிக்கும்."