ஏரியில் ஏற்கெனவே குடியிருந்தவர்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கொற்றவேல் என்றொரு ராஜா ஆண்டான். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான். ஒன்றை நினைத்தால் அது நேற்றே முடிந்திருக்க வேண்டும் அவனுக்கு.

அந்தக் கோடையில் தறிக்காரர் தெரு தீப்பிடித்து எரிந்துபோனது. இருநூறு குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் ஒண்டிக் கிடந்தன. "மழைக்கு முன்னால் வீடு கட்டியாகணும். இடம் எங்கே?" என்று ராஜா குதித்தான்.

மராமத்து அதிகாரி பொன்னம்பலவாணர் முந்திக்கொண்டார். "பெரிய ஏரி இரண்டு வருஷமாக வறண்டு கிடக்கிறது, மகாராஜா. நல்ல சமதரை."

ஏரிக்குத் தெற்கே அருமையான மேடு ஒன்று இருந்தது. அங்கே தனக்கொரு கோடை மாளிகை கட்ட அவர் கயிறு பிடித்து அளந்து வைத்திருந்தார். அந்த மனுஷனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

மறுநாள் அரண்மனை வாசலில் பெருங்கூட்டம். உழவர்களோடு தறிக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் பூவாயி, ஏரி மதகைத் திறந்து மூடுகிறவள்.

"வீடு வேண்டாம்னு சொல்ல வரலை சாமி. ஏரிக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றோம். எங்க ஊருக்கெல்லாம் சோறு போடுறது அந்த ஏரிதான்."

"எங்களுக்கு வீடுதான் வேணும், தோணி வேணாம்!" என்று கத்தினார் தறிக்காரர் கருத்தப்பன்.

பொன்னம்பலவாணர் சிரித்தார். "மதகு திறக்கிறவளுக்கு மந்திரி வேலை எதற்கு? அது செத்த ஏரி!"

"நாளைக்கே கடைக்கால் தோண்டுங்கள்!" என்றான் ராஜா.

பூவாயி கைகட்டி நின்றாள். "தோண்டட்டும் சாமி. ஆனா அங்க ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்காரே! வெளியூர் போயிருக்கார், ஐப்பசி பிறந்தா வந்துடுவார். குடியிருக்கிறவர் கையில ஓலை கொடுக்காம இடத்தைக் காலி பண்ணக் கூடாதுன்னு உங்க பாட்டனார் சட்டம் போட்டிருக்காரே?"

யாரைச் சொல்கிறாள் என்று கூட்டத்துக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தண்ணீர்தான். அரண்மனைக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. பாட்டனார் சட்டம் என்றதும் ராஜா அடங்கிவிட்டான்.

"எவனாக இருந்தால் என்ன? நானே ஓலையைக் கொடுத்து விரட்டுகிறேன்!" என்றார் அதிகாரி. வாய்க்கொழுப்பு!

"அப்படியானால் ஏரி நடுவே குடிசை போட்டு உட்காரும். அவன் வரும்வரை அங்கே கடப்பாரை படக் கூடாது" என்றான் ராஜா.

ஐப்பசி பிறந்தது. மேகம் திரளும், கலையும். "வந்தானா? வந்தானா?" என்று ராஜா நாளுக்குப் பத்து முறை ஆள் அனுப்பினான். மண்டபத்தில் குழந்தைகள் இருமின. பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, மழை ஏமாத்திட்டா?" என்றார் கருத்தப்பன்.

"என் பேச்சும் போச்சு, ஏரியும் போச்சு. எறும்பு முட்டை தூக்குது தம்பி, அதைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள் அவள்.

அன்றே பிடித்தது மழை. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. நாலாம் நாள் காலையில் ராஜா குடைகூட இல்லாமல் கரைக்கு ஓடினான். ஏரி நடுவே குடிசையின் கூரை மட்டும் தெரிந்தது. அதன் உச்சியில் பொன்னம்பலவாணர்.

"ஓலையைக் கொடுத்தீரா?"

"கொடுத்தேன் மகாராஜா! வாங்கி அடித்துக்கொண்டு போய்விட்டார்!"

"காலி பண்ணச் சொன்னீரா?"

"அவர்தான் என்னைக் காலி பண்ணச் சொல்கிறார்!"

கரையே சிரித்தது. ராஜாவும் சிரித்தான். இங்கே வீடு கட்டியிருந்தால் மண்டபத்துக் குழந்தைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்று சட்டென்று உறைக்க, சிரிப்பை நிறுத்திவிட்டான். பூவாயி தெப்பம் தள்ளிப்போய் அதிகாரியைக் கரையேற்றினாள்.

"அம்மா, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றான் ராஜா.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இவங்களுக்கு அந்தத் தெற்கு மேடு வேணும்."

"ஐயோ, அது என் மாளிகைக்கு அளந்து வைத்த இடம்!" என்று பதறினார் அதிகாரி.

"ஓ, அளந்தே வைத்திருக்கிறீரா? ஒரு வேலை மிச்சம்!" என்ற ராஜா, முதல் கல்லை அவர் தலையிலேயே ஏற்றிவிட்டான்.

கார்த்திகை முடிவதற்குள் மேட்டில் தறிச் சத்தம் கேட்டது, கீழே மதகு திறந்தது. அதன்பிறகு அந்த நாட்டில் யார் மனை பார்த்தாலும் பூவாயியை அழைத்து, "இங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கார்?" என்று கேட்காமல் கடைக்கால் தோண்டுவதில்லை. பொன்னம்பலவாணரோ, தூறல் விழுந்தாலே ஏணியைத் தேடுவாராம்.