நூற்றில் ஒரு பங்கு

விண்கப்பலின் பீரங்கி சுடும்போது பின்னால் உதைக்கும். அந்த உதையை வாங்கி விழுங்கிக்கொள்ள ஒரு பொருள் உண்டு. சாம்பல் நிறம். தொட்டால் ஊறிய அவல் போல இருக்கும். படையில் அதை மெத்து என்பார்கள். அதைச் செய்தவர் அங்கயற்கண்ணி.

மெத்து வருவதற்கு முன்னால் ஒரு கப்பல் நாளுக்கு நான்கு முறைதான் சுடும். ஐந்தாவது முறை சுட்டால் கப்பலின் மூட்டுகள் விட்டுப்போகும். சுடுகிறவனின் முதுகெலும்பும் விட்டுப்போகும். அங்கயற்கண்ணியின் தம்பி அப்படித்தான் படுக்கையில் விழுந்தான். இரண்டு வருடம் கிடந்து இறந்தான். அதன் பிறகுதான் அவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு ஒரே சீடர், திருமேனி. அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். இருபது வருடம் பீரங்கி சுட்டவர். வெண்துறைப் போர் முடிந்த மாதம் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, நிலாவின் மறுபக்கத்தில் இருந்த அந்தப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வேண்டும்?"

"கற்றுக்கொள்ள வேண்டும்."

"எதற்கு?"

"இத்தனை வருடம் எதன் மேல் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிய வேண்டும்."

அங்கயற்கண்ணி வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மூன்று வருடம் கழிந்தது. ஒருநாள் விண்படை அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதை தெரிந்தவர். காலணியை வாசலிலேயே கழற்றினார்.

"அம்மா, உங்கள் மெத்து உதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை எடுத்துவிடுகிறது. மீதி ஒரு பங்கு இருக்கையில் தெரிகிறது. சின்ன நடுக்கம்தான். ஆனால் நீண்ட சண்டைகளில் அது தொந்தரவாக இருக்கிறது."

"வலிக்கிறதாமா?"

"வலியெல்லாம் இல்லை. சுடுகிறவர்கள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு பங்கும் போய்விட வேண்டும். பத்து நாள் போதுமா?"

"பார்க்கிறேன்."

அதிகாரி போன பிறகு திருமேனி கேட்டார்.

"முடியுமா, ஆசானே?"

அங்கயற்கண்ணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"நீங்கள் வந்த வருடமே கைக்கு வந்துவிட்டது."

"பிறகு ஏன் கொடுக்கவில்லை?"

அவர் டப்பாவோடு சோதனைக் களத்துக்கு நடந்தார். திருமேனி பின்னால் போனார்.

அங்கிருந்த பீரங்கியின் பின்புறத்தில் அங்கயற்கண்ணி தன் கையாலேயே டப்பாவிலிருந்த புதுப் பொருளை அடைத்தார். திருமேனியை இருக்கையில் உட்காரவைத்தார். எதிரே இருந்த திரையின் மேல் ஒரு துணியைப் போட்டார்.

"இடதுபக்கம் ஒரு பாறை இருக்கிறது. குறி வைத்தாகிவிட்டது. ஒரே ஒரு முறை சுடுங்கள்."

திருமேனி விசையை அழுத்தினார். இருக்கை அசையவில்லை. சத்தம் இல்லை. சிறிது நேரம் காத்திருந்தார்.

"சுட்டாகிவிட்டதா?"

"உங்கள் விரல்தானே அழுத்தியது?"

மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. மூன்றாவது முறையும் அழுத்தினார்.

"விசையில் கோளாறு, ஆசானே."

அங்கயற்கண்ணி துணியை எடுத்தார். பாறை இல்லை. அதற்குப் பின்னால் இருந்த குன்றில் பாதி இல்லை. அதற்கும் அப்பால், வெறும் தரையில் புதிதாக ஒரு பள்ளம் இருந்தது. தூசி இன்னும் அடங்கவில்லை.

திருமேனி கைகளை விசையிலிருந்து எடுத்தார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"வெண்துறையில் முந்நூற்று நாற்பத்தொரு முறை சுட்டேன். கீழே இருப்பது கிடங்கு என்றார்கள். ஒவ்வொரு முறையும் இருக்கை லேசாக நடுங்கும். பக்கத்தில் தூங்குகிற குழந்தை புரண்டு படுப்பது போல. முந்நூற்று நாற்பத்தொன்றாவது நடுக்கத்தில் எழுந்துவிட்டேன். கிடங்குக்கு இத்தனை குண்டு எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது."

"நீங்கள் எழுந்த பிறகு?"

"வேறொருவன் உட்கார்ந்தான்."

அன்று மாலை அங்கயற்கண்ணி டப்பாவில் மிச்சமிருந்த புதுப் பொருளையும் செய்முறை எழுதிய தாள்களையும் உலையில் போட்டார்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார்.

"முடியவில்லை" என்றார் அங்கயற்கண்ணி.

அதிகாரி கோபப்படவில்லை.

"பரவாயில்லை அம்மா. தென்துருவப் பட்டறையிலும் முயற்சி செய்கிறார்கள். ஏறக்குறைய வந்துவிட்டது. மெத்து உங்களுடையது, முதலில் உங்களைக் கேட்பதுதான் முறை என்று வந்தேன்."

வணங்கிவிட்டுப் போனார். அவருடைய ஊர்தி மேடு தாண்டி மறையும்வரை திருமேனி வாசலில் நின்றிருந்தார்.

"அவர்கள் செய்துவிடுவார்கள்" என்றார்.

"செய்துவிடுவார்கள்."

"ஆனாலும் நீங்கள் அந்த ஒரு பங்கை விட்டுவைத்தீர்கள். அது இல்லாமல் போயிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். இன்னமும் சுட்டுக்கொண்டிருப்பேன்." திருமேனி அவர் பக்கம் திரும்பினார். "என்னைப் போன்றவர்களை நினைத்துத்தானே விட்டீர்கள், ஆசானே?"

அங்கயற்கண்ணி அவரை நேராகப் பார்த்தார்.

"இல்லை. படைக்கு முதன்முதலில் மெத்து கொடுத்த அன்றைக்கு எனக்கு அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பேன்."