பூங்கொடியின் ஒற்றை ஸ்வரம்

ஏற்காட்டில் மழைக்காலம் வந்துவிட்டால் எது வீடு, எது மேகம் என்று சொல்ல முடியாது. கடைத்தெருவில் ஒரு பேக்கரி. அதன் மாடியில் டெல்பின் டீச்சர் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் அறை. கீழிருந்து பன் வேகும் வாசனை வரும். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் கேட்காமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே கொஞ்ச நேரம் இருந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் குழந்தைவேலு அந்த மாடிக்கு ஏறி வந்தார். தோளில் கிட்டார். கக்கத்தில் சுருட்டிய காகிதக் கட்டு.

அவர் மருந்துக்கடைக்காரர். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கிள்ளிக் கொடுக்கமாட்டார். நல்ல குணம்தான். அந்தக் குணத்தோடு போய்க் கிட்டாரைத் தொட்டதுதான் வம்பாகிவிட்டது.

காகிதங்களைத் தரையில் விரித்தார். எல்லாம் அவர் கையெழுத்து. ஸ்வர வரிசையான ஸ்கேல்கள், ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுகள், அம்புக்குறிகள், வட்டத்துக்குள் வட்டம். டெல்பினுக்குக் கால் வைக்க இடமில்லை.

"வீடியோ பாத்துப் பாத்து எழுதினேனுங்க டீச்சர். ஒண்ணப் படிச்சா அதுக்குள்ள இருந்து நாலு முளைக்குது. மூச்சு முட்டுது. இதையெல்லாம் எப்ப முடிக்கிறது?"

"எதுக்குண்ணா முடிக்கணும்?"

குழந்தைவேலு ஒரு காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டார். மகள் வயதில் இருக்கும் பெண்ணிடம் சொல்லத் தயங்கினார் போலிருக்கிறது.

"என் சம்சாரம் பூங்கொடி நல்லாப் பாடுவா. பக்கவாதம் வந்ததுல பேச்சு நின்னுபோச்சுங்க. கை கால் தேறிருச்சு, பேச்சு வரல. சாயங்காலமானா ஜன்னலோரம் உக்காந்து ஒரே ஒரு ஸ்வரத்த முணுமுணுப்பா. அது மேலயும் போகாது, கீழயும் வராது. கூட யாராச்சும் வாசிச்சுப் பாருங்க, பாட்டு திரும்பினாலும் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. மச்சினன் மகன் விட்டுட்டுப் போன கிட்டார் வீட்டுல கெடந்துச்சு."

"வாசிச்சீங்களா?"

"அவ முன்னாடி இன்னும் இல்லீங்க."

"ஏன்?"

"தப்பா வாசிச்சு, இருக்கற அந்த ஒண்ணும் போயிருச்சுன்னா?"

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். குழந்தைவேலு ஆழத்தை அளந்துகொண்டே கரையில் நின்றுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனைவியிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு ஸ்வரம்தான்.

டெல்பின் காகிதங்களை மெதுவாகச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"அந்த ஸ்வரத்தப் பாடிக் காட்டுங்க."

"நானா?"

"தெனமும் கேக்கறீங்கல்ல."

குழந்தைவேலு வெட்கப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ம்..." என்று இழுத்தார். டெல்பின் கம்பியில் தேடி, அது மேற்கத்திய இசையின் 'ஸி' ஸ்வரம் என்று கண்டுபிடித்தார்.

"நிறுத்தாதீங்க. மூச்சு முடிஞ்சா மறுபடியும் எடுங்க. எது நடந்தாலும் அதுலயே இருங்க."

அவர் முணுமுணுக்க, டெல்பின் அதன் அடியில் ஒரு கார்ட் வாசித்தார். மூன்று ஸ்வரங்கள் ஒன்றாக ஒலித்தன. வெளியே அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதுபோல் குழந்தைவேலுவுக்கு இருந்தது.

கார்டை மாற்றினார். யாரோ எங்கிருந்தோ வரப்போகிறார்கள் என்று தோன்றியது.

மறுபடியும் மாற்றினார். யாரையோ வழியனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தபோது அறைக்குள் பனி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"நான் ஸ்வரத்த மாத்திட்டனா டீச்சர்?"

"இல்லண்ணா. நீங்க நின்ன எடத்துலயேதான் நின்னீங்க. நான் வாசிச்சது ஸி மேஜர், எஃப் மேஜர், ஏ மைனர்னு மூணு கார்டு. மூணுலயும் உங்க ஸ்வரம் இருக்கு."

"மூணுல எது சரி?"

"மூணும் சரி."

"அப்ப எத வாசிக்கறது?"

"அத உங்க பேப்பர்ல கேட்டா தெரியாது. பாடறவங்க மூஞ்சியப் பாருங்க."

அந்த மூன்று கார்டுகளைத்தான் டெல்பின் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார். காகிதக் கட்டு இங்கேயே இருக்கட்டும் என்றார். குழந்தைவேலு கடையின் சாவியையே கொடுத்துவிட்டுப் போகிறவர்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினார்.

சில நாட்கள் கழித்து மறுபடியும் வந்தார். குடை விரிக்கவில்லை. தலையெல்லாம் ஈரம்.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்."

"உக்காருங்கண்ணா. என்னாச்சு?"

"நேத்து சாயங்காலம் வாசிச்சேனுங்க. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, ஒரே வெள்ளை. அவ வழக்கம்போல முணுமுணுத்தா. மொதல்ல ஸி மேஜர் போட்டேன். திரும்பிப் பாத்தா. கிட்டாரப் பாக்கல, என்னப் பாத்தா. எஃப் போட்டேன். கண்ண மூடிக்கிட்டா. ஏ மைனர் போட்டேன்..."

"ம்."

"அழுதுட்டா. என்ன செய்யறதுன்னு தெரியாம எங்கயோ கைய வச்சுட்டேன். அது ஜி மேஜர். வீடியோ பாத்துப் பழகின வெரலு, தானா போயிருச்சு. ஜி மேஜர்ல அவ ஸ்வரமே கெடையாதுங்க டீச்சர்! எழுதி வச்சவன் நான். எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அவ புருவத்தச் சுருக்குனா. அந்தச் சத்தமும் அவ சத்தமும் ஒண்ணோட ஒண்ணு உரசுச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். கம்பிய அமுக்கிச் சத்தத்த நிறுத்தக்கூடக் கை வரல."

குழந்தைவேலு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழை ஈரத்தை மட்டும் துடைத்ததாகத் தெரியவில்லை.

"அவ குரல் எறங்குச்சுங்க. ஒரே ஒரு படி. எறங்கி, அந்தக் கார்டுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. இத்தன மாசமா அசையாத கொரலு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கிட்டாரக் கீழ வச்சுட்டேன். பயமாயிருச்சு. அவ அப்படியே அந்தப் புது ஸ்வரத்த முணுமுணுத்துக்கிட்டே என்னப் பாத்தா. காலையிலயும் அதேதான். நான் எதையோ கலைச்சு விட்டுட்டேன் டீச்சர். பழைய எடத்துக்கு அவ திரும்ப வராமலே போயிட்டா? அதான் கடையக்கூடத் தொறக்காம ஓடி வந்தேன்."

டெல்பின் தன் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அவங்க பழைய ஸ்வரத்தப் பாடுங்க."

குழந்தைவேலு பாடினார். டெல்பின் ஜி மேஜரை வாசித்துவிட்டு அப்படியே ஒலிக்கவிட்டார். குழந்தைவேலு பிடிவாதமாக நின்றார். கொஞ்ச நேரம்தான். உள்ளே ஏதோ ஒன்று கீழே பிடித்து இழுத்தது. அவருடைய குரல் அவரைக் கேட்காமலேயே ஒரு படி இறங்கியது. இறங்கியதும் உடம்பு முழுவதும் லேசானது.

"ஏன் எறங்கினீங்க?"

"நிக்க முடியலீங்க."

"யாராவது எறங்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

டெல்பின் ஓரத்திலிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார். நடுவில் ஒரு வரி. அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு.

"படிங்க."

"சஸ்பெண்டட் ஃபோர்த்." அவர் திணறினார். "எழுதினதும் நாந்தான், கோடு போட்டதும் நாந்தான். ஒரு எழவும் புரியல, அதான் கோடு போட்டேன்."

"இப்ப?"

அவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பெயர் மட்டும் தெரிந்த ஓர் ஆளை நேரில் பார்த்துவிட்டதுபோல அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அதுவா இது?"

"அதேதான். கார்டுல சேராம தொங்கிக்கிட்டு நிக்கற ஸ்வரம், ஒரு படி எறங்கினாத்தான் அதுக்கு நிம்மதி."

"அப்ப நான் பண்ணது தப்பில்லையா?"

டெல்பின் சிரித்தார். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அந்தச் சத்தமும் பனிக்குள் எங்கோ போய்க் கரைந்தது.

குழந்தைவேலுவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்ததும் பழைய குணமும் வந்தது. மீதிக் காகிதங்களையும் பிரித்து மடியில் பரப்பினார்.

"அப்ப இதுல ஒவ்வொண்ணுக்குள்ளயும் இப்படி ஒண்ணு இருக்குதுங்களா! அடுத்தது எது டீச்சர்? எத மொதல்ல படிக்கட்டும்? இந்த வட்டத்துலருந்து ஆரம்பிக்கலாமா, இல்ல மைனர்..."

டெல்பின் எழுந்துபோய் அவருடைய கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, அவர் தோளில் மாட்டிவிட்டார்.

"நான் காகிதத்தக் கேட்டா நீங்க கிட்டாரக் குடுக்கறீங்க. பாடம் இல்லீங்களா இன்னைக்கு?"

"அண்ணா, நீங்க தெரியாம கைய வச்ச எடத்துக்குப் பூங்கொடி அக்கா துணிஞ்சு எறங்கி வந்தாங்க. நீங்க கிட்டாரக் கீழ வச்சுட்டு இங்க வந்துட்டீங்க. நேத்துலருந்து அவங்க அங்க தனியா நிக்கறாங்க. மொதல்ல போய்க் கூட நில்லுங்க."