ஈரம் காயாத தண்டு

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. உங்க பேச்சைக் கேப்பா. ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கச் சொல்லுங்க."

கேட்டவர் பரஞ்சோதி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மெய்யம்மை. பரஞ்சோதியைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் அவருக்கு இவர்தான் குரு. ஆசிரமம், காவி, பஜனை எதுவும் கிடையாது. சேலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். தேடி வருகிறவர்களுக்கு டீ கொடுப்பார். பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள்.

"யாரைச் சிரிக்கச் சொல்லணும்?"

"அருள்மொழியைத்தான்."

அருள்மொழி பரஞ்சோதியின் ஒரே மகள். விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மனிதர் நாமக்கல்லில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"அவ என்ன சொல்றா?"

"எதைக் கேட்டாலும் 'சரிப்பா'ங்கிறா. தங்கமான பொண்ணு. முகத்துலதான் உயிரே இல்ல. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"இப்ப என்ன அவசரம்?"

"எனக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்தாச்சும்மா. நாளைக்கே நான் கண்ணை மூடிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

நிஜமாகவே பயந்துபோயிருந்தார், பாவம்.

மெய்யம்மை எழுந்தார். உள்ளே போய் ஒரு சின்னத் தொட்டியை எடுத்து வந்தார். பரஞ்சோதியே எப்போதோ கொடுத்த சக்குலன்ட் செடி. அவர் வீட்டு பால்கனி முழுக்க இந்தச் சாதிதான். இலை தடித்த செடி ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"பாருங்க, எவ்வளவு உயரமா வளர்ந்திருக்கு."

பரஞ்சோதிக்கு வந்த காரியம் மறந்துபோனது.

"ஐயையோ! இதுவா வளர்த்தி? எங்க வெச்சிருந்தீங்க?"

"சாமி அலமாரிக்குப் பக்கத்துல."

"இருட்டுல வெச்சா வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கிட்டே போகும். ரோஜாப்பூ மாதிரி அடுக்கா உக்காந்திருக்க வேண்டிய செடிம்மா! கத்தியைக் கொடுங்க."

கத்தியை அடுப்பில் காட்டித் துடைத்தார். கொஞ்சம் தண்டோடு சேர்த்துச் செடியின் தலையை ஒரே வெட்டாக வெட்டினார்.

மெய்யம்மை அந்தத் தலையைக் கையில் வாங்கினார். துளசித் தொட்டியின் ஈர மண்ணில் விரலால் ஒரு குழி தோண்டினார்.

"ஐயோ, நட்டுடாதீங்க!"

பரஞ்சோதி அவர் கையைப் பிடித்தே விட்டார். குரு, சிஷ்யன் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரும்?

"வெட்டினா நட வேண்டாமா?"

"வெட்டின இடம் காயணும். அதுவரைக்கும் நிழல்ல சும்மா போட்டு வைக்கணும்."

"மண்ணு?"

"வேண்டாம்."

"தண்ணி?"

"மூச்! ஒரு சொட்டு காட்டக்கூடாது."

"பாவமா இருக்கே. வேர் இல்ல, ஒரு பிடிப்பு இல்ல. தனியா எப்படிக் கிடக்கும்?"

"அதெல்லாம் ஜோராக் கிடக்கும். இந்த இலையைத் தொட்டுப் பாருங்க. அத்தனையும் தண்ணி. தன்னைத்தானே பாத்துக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"அதை நாம முடிவு பண்ண முடியாதும்மா."

"அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

பரஞ்சோதி சிரித்துவிட்டார். "உங்களுக்கு ஏதாவது ஆனா அது என்ன பண்ணும்? அது பாட்டுக்குக் காயும்."

"அவசரப்பட்டு நட்டுட்டா?"

"அதை ஏன் கேக்கறீங்க. ஆரம்பத்துல ஒரு தட்டு நிறைய செடியை அப்படித்தான் கொன்னேன். வெட்டின செடியைப் பாத்தா மனசு கேக்கல, உடனே நட்டேன். மேலே பச்சைப் பசேல்னு இருந்துச்சு. ஒரு குறையும் தெரியல. லேசாத் தொட்டேன், கையோட வந்துடுச்சு. உள்ள பூரா கூழு. மேலே பாத்தா மட்டும்…"

பேச்சு பாதியில் நின்றது.

கீழே தெருவில் யாரோ ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகிற வரைக்கும் பரஞ்சோதி மெய்யம்மை கையிலிருந்த செடியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செடி வேற, பொண்ணு வேறம்மா." பரஞ்சோதிக்குக் கோபம் வந்திருந்தது.

"ஆமா, வேறதான். செடிக்கு வலிக்குமான்னு எனக்குத் தெரியாது."

பரஞ்சோதி போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்தார். படியிறங்கும்போதே போனை எடுத்து நாமக்கல்லுக்குப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாங்க."

வேறு எப்போது வரட்டும் என்று கேட்டார்கள்.

"தெரியலைங்க."

வீட்டில் அருள்மொழி ஒரு பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதை மடிச்சு வை. யாரும் வரல."

"ஏம்ப்பா? நான்தான் சரின்னு சொன்னேனே."

"அதான்."

அருள்மொழி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். தீர்ப்பு வந்த அன்றுகூட அழாதவள், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள்.

அழாதேம்மா என்று சொல்லப் பரஞ்சோதி வாயைத் திறந்தார். சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.