வேதமணி முதலாளியின் வண்டி

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மரம் அறுக்கிற கான்ட்ராக்ட் வேதமணிக்கு. அவரிடம் வேலை பார்த்த செல்வதாசன் ஒரு மரத்தைப் பாதி அறுத்தபோது, கையிலிருந்த அறுப்பு மெஷினின் இஞ்சின் இறுகி நின்றுபோனது. காற்று மரத்தை அவன்மேலேயே திருப்பிவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் விசாரிக்க அதிகாரி வந்தார். இறுகிப்போன மெஷினை வேதமணி அதற்குள் எங்கோ அனுப்பிவிட்டிருந்தார்.

“அவன் கவனக்குறைவு சார்,” என்றார்.

கூட அறுத்த ஏசுவடியானுக்குப் பொறுக்கவில்லை. “முன்னே பெட்ரோல்ல கலக்க நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் தருவாரு சார். இப்ப இந்த வெள்ளை கேன் ஆயிலு. அதுலதான் மெஷின் இறுகிப் பிடிச்சுது.”

“ரெண்டும் ஒண்ணுதாம்லே! இல்லேன்னா, மெஷின் இல்லாம இங்கயே நிரூபி பாப்போம்!” என்று பாய்ந்தார் வேதமணி.

ஏசுவடியான் தலையைச் சொறிந்தான். “முதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று கேனைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கிடம் போனான். பெற்ற பிள்ளையைப்போல அவர் துடைத்து வைத்திருக்கும் வண்டி.

“ரெண்டும் ஒண்ணுதானே. உங்க வண்டிக்கும் இந்த ஆயிலையே விட்டு வைக்கேன்,” என்று டேங்க் மூடியைத் திறந்தான்.

“லே, ஊத்தாதலே! இஞ்சின் பிடிச்சிரும்!” அவிழ்ந்த வேட்டியை அள்ளிப்பிடித்தபடி ஓடிவந்து கேனைப் பிடுங்கினார் வேதமணி.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

ஏசுவடியான் சிரிக்கவில்லை. மூடியைத் திருகி மூடினான்.

“வண்டிக்கு இந்த ஓட்டம் ஓடி வந்தியளே முதலாளி. அண்ணைக்கு மரம் சாயும்போது நின்ன எடத்துலயேல்லா நின்னிய.”