பதில் சொல்லாமல் போகக் கூடாது

சபைக் கதவைச் சாத்திவிட்டார்கள். நடுவில் நான். இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அப்பா. எதிரே சிம்மாசனத்திலிருந்து ராஜா கேட்கிறார்: "சொல் பெண்ணே! உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?"

அரசவை விகடர்களின் கதையெல்லாம் முன்னொரு காலத்தில் என்றுதான் தொடங்கும். இது இன்று காலையில் நடந்தது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து ஒரு வருஷமாகிறது. அப்பா ஆற்றங்கரையில் ஓடம் விடுகிறார். அம்மா மாமா வீட்டில் தறி நெய்கிறாள். என்னை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு ஊரில் தீராமல் ராஜாவிடம் வந்தது. பிள்ளையையே கேட்டுவிட்டால் நொடியில் தீர்ந்துவிடுமே என்று ராஜாவுக்குத் திடீர் யோசனை. மந்திரி வரதுங்கருக்கு அரசவை விகடர் பிச்சாண்டியைக் கண்டாலே ஆகாது. அவர் எழுந்தார்.

"மகாராஜா, எல்லோரையும் சிரிக்க வைப்பவர் நம் விகடர். இவளை அழவிடாமல் அவரே பதில் வாங்கட்டும். இவள் அழுதால் விகடர் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜாவும் தலையாட்டினார். "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவரும் சபையைவிட்டு வெளியேறக் கூடாது. இது என் ஆணை!"

அப்போதுதான் கதவைச் சாத்தினார்கள். அம்மா என்று சொன்னால் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அப்பா என்று சொன்னால் அம்மா. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மந்திரி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விகடர் ராஜாவிடம் கேட்டார். "ஒருவரும்னா ஒருவருமேதானே மகாராஜா?"

"அதிலென்ன சந்தேகம்?"

"சரி." என் பக்கம் குனிந்தார். "பாப்பா, பெரியவங்க இருக்கும்போது நீ முந்தக் கூடாது. கடைசியா சொல்லு போதும். அப்படி ஓரமா உக்காரு."

பிறகு மந்திரியிடம் போய் நின்றார். "மந்திரியாரே, அம்மாவா, அப்பாவா?"

"என்னையா கேட்கிறீர்?"

"ராஜா ஆணைங்க. நான் என்ன பண்ண?"

மந்திரியின் அப்பா சபையிலேயே தடியோடு உட்கார்ந்திருந்தார். மந்திரி அவரைப் பார்த்துவிட்டு, "அப்பாதான்" என்றார். உடனே பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்படியாடா? பெத்தவ இங்க உக்காந்திருக்கேன், தெரியுதா?"

"இல்லை, இல்லை, அம்மாதான்!"

"வீட்டுக்கு வருவேல்ல, வா" என்றார் அவர் அப்பா.

சபை கொல்லென்று சிரித்தது. விகடர் சிரிக்கவில்லை. நேராகச் சிம்மாசனத்தின் முன்னால் போய்க் கைகூப்பினார். "அடுத்து தாங்கள்தான் மகாராஜா."

ராஜாவின் பக்கத்தில் பெரியராஜா, அவருடைய அப்பா, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ராஜமாதாவின் வளையல் சத்தம் கேட்டது.

"எனக்கு... நான்..."

"சொல்லுப்பா" என்றார் பெரியராஜா. "நானும் ரொம்ப நாளா கேக்கணும்னுதான் இருந்தேன்."

ராஜா வேர்வையைத் துடைத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஊரே பயப்படுகிற ராஜா, சற்று முன் நான் முழித்த மாதிரியே முழித்தார்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு கேள்வியைத் தூக்கி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைக்க ஒரு மனுஷனால் முடியுமா? கத்தி இல்லை, படை இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

சாப்பாட்டு நேரமாகிச் சமையற்கட்டிலிருந்து நெய் வாசம் வந்தது. கதவு திறக்கவில்லை. கடைசியில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"பிச்சாண்டி, தோற்றேன்! என் ஆணை ரத்து. கதவைத் திறங்கள்!"

"தீர்ப்பு சொல்றது உங்க வேலை மகாராஜா. அந்தப் பாரத்த இந்தப் பிள்ள தலையில வெச்சா கழுத்து தாங்காது."

ராஜா சிரிப்பை நிறுத்தினார். தன் முத்துமாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். "இனி எந்தப் பிள்ளையையும் இந்தச் சபையில் இப்படி நிறுத்தக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் நானே நேரில் வருகிறேன். இவளுக்கு எது நல்லது என்று பார்த்து நானே சொல்கிறேன். என்ன சொன்னாலும், இருவர் வீட்டுக் கதவும் இவளுக்குத் திறந்திருக்க வேண்டும்."

ராஜா நாளை வருகிறார். அதை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் அது இல்லை.

பெரியராஜா அப்படிக் கேட்டாரே, அந்த நேரம் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். என் தலைக்கு மேலே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

இப்படிச் சேர்ந்து சிரிக்கத் தெரிந்தவர்களால் ஒரே வீட்டில் ஏன் இருக்க முடியவில்லை?